ஓடும் விரைவுச்சாலையில் ஆற்றுப் பாலத்தை மாற்றுவது எப்படி?

பாலத்தைப் பிரிப்பது, கட்டின வேலையைத் தலைகீழாகச் செய்வதுதான் என்று சொல்வார்கள். பாதிதான் சரி. கட்டியபோது மேலே வண்டி ஓடவில்லை, பீம்கள் புதிது, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம் சைட்டிலேயே இருந்தது. நாற்பது ஐம்பது வருடம் கழித்துப் பிரிக்கப் போகும்போது மூன்றுமே மாறியிருக்கும். போதாக்குறைக்கு, பாதி பிரித்து நிற்கும் பாலத்துக்கு அந்தக் காலத்துப் பொறியாளர் யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. இன்று இரவு ஒரு பீமைத் தூக்கினால், நாளைக் காலை நிற்பது வேறு பாலம். அதன் மேல் லாரி போகலாமா, எத்தனை டன் வரை போகலாம் என்று ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். காலாங் ஆற்றைத் தாண்டும் தீவு விரைவுச்சாலையையோ, செராங்கூன் ஆற்றைத் தாண்டும் தெம்பனிஸ் விரைவுச்சாலையையோ ஆறு மாதம் மூடி வைக்க முடியாது. பழைய சாலைக்குப் பதில் புதுச் சாலை வேறு இடத்தில் கிடைப்பதெல்லாம் அபூர்வம். 1981இல் திறந்த பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்துக்கு அது கிடைத்தது: 2013 டிசம்பர் 29 அன்று மரினா கரையோர விரைவுச்சாலை திறந்ததும், விரைவுச்சாலைப் போக்குவரத்து கடலடிச் சுரங்கத்துக்கு இறங்கிவிட்டது. மற்ற இடங்களில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாலத்தை மாற்றுவதுதான் வழி.

விளக்க வசதிக்காக ஒரு பாலத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று கண் (ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை ஒரு கண்), ஒவ்வொன்றும் 30 மீட்டர். அகலம் 28 மீட்டர், திசைக்கு மூன்று தடம். ஒவ்வொரு கண்ணிலும் 2 மீட்டர் இடைவெளியில் 14 ப்ரீஸ்ட்ரெஸ் பீம், அதாவது உள்ளே கேபிளை இழுத்து இறுக்கிய கான்கிரீட் பீம். அவற்றின் மேல் 200 மில்லிமீட்டர் கான்கிரீட் ஸ்லாப் (தளம்). அதன் மேல் ப்ரீமிக்ஸ் (சாலைக்குப் போடும் தார்க்கலவை). இதை எடுத்துவிட்டு, திசைக்கு நான்கு தடம் கொண்ட 41 மீட்டர் அகலப் பாலம் வைக்க வேண்டும். கீழே கான்கிரீட் கரை கட்டிய கால்வாய்.

ஏன் மாற்றுகிறார்கள்?

பாலம் "பழசாகிவிட்டது" என்பது மட்டுமே காரணமாக இருப்பது குறைவு. தடம் போதவில்லை என்பது ஒன்று. கால்வாயை அகலப்படுத்த வேண்டும், நடுவில் நிற்கும் தூண்கள் மழைநீரை மறிக்கின்றன என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் கான்கிரீட்டின் உடல்நிலை. இங்கே பனிக்கு உப்புத் தூவும் பழக்கம் இல்லை; ஆனால் கடல் ஏறி இறங்கும் ஆற்று வாய்களில் தூணின் அடிப்பகுதி நனைவதும் காய்வதுமாக இருந்து உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உப்பு கம்பி வரை போனதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். மேல் கான்கிரீட் பொருக்குப் பொருக்காகப் பெயரும். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அதன் உட்பக்கத்துப் பாலங்கள் நன்னீரில் நிற்கின்றன. ஆனால் 1956இல் திறந்த மெர்டேக்கா பாலம் போன்றவை அதற்கு முன் அரை நூற்றாண்டு உப்புத் தண்ணீரைப் பார்த்தவை.

தூக்குவதற்கு முன் எடை தெரிய வேண்டும்

பழைய வரைபடம் கிடைத்தாலும் அதை அப்படியே நம்பக் கூடாது. வரைபடம் 50 மில்லிமீட்டர் ப்ரீமிக்ஸ் என்று சொல்லும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதை முழுதாகச் சுரண்டாமல் மேலே மேலே போட்டிருந்தால் 100, 150 கூட இருக்கும். கணக்குப் பாருங்கள்: ஒரு பீமுக்கு உரிய 2 மீட்டர் அகலத்தில், 30 மீட்டர் நீளத்தில், 100 மில்லிமீட்டர் ப்ரீமிக்ஸ் மட்டும் 14 டன்னைத் தாண்டும். அதனால் முதலில் ப்ரீமிக்ஸ் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, கோர் (உருளையாகத் துளைத்த மாதிரி) எடுத்து ஸ்லாப்பின் தடிப்பை அளப்பார்கள்.

பீமின் குறுக்கு வெட்டு 0.6 சதுர மீட்டர் என்றால் மீட்டருக்கு 1.5 டன், 30 மீட்டருக்கு 45 டன். அதன் தலையில் ஒட்டியிருக்கும் ஸ்லாப் துண்டு மீட்டருக்கு 1 டன், ஆக 30. மொத்தம் 75 டன். ஸ்லாப் வரைபடத்தில் இருப்பதைவிட 30 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் இன்னும் 4.5 டன். ஒரு பீமுக்கு ஆகும் இந்த வித்தியாசம்தான் கிரேனின் அலாரத்தை அடிக்க வைக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி, பாலம் சுமந்துகொண்டிருக்கும் பைப்பும் கேபிளும். மின்சார கேபிள், காஸ் குழாய், குடிநீர்க் குழாய், தொலைபேசி ஃபைபர் எல்லாம் ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலம்தான் அவற்றுக்கும் வழி. உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் வந்து குறி போட்டு, கையால் குழி தோண்டிக் கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலை. புது வழி போட்டு, இணைப்பை மாற்றி, பழையதில் மின்சாரமோ காஸோ இல்லை என்று எழுத்தில் வாங்கும் வரை அந்தப் பகுதியில் கட்டிங் மெஷின் ஏறக் கூடாது. பாலத்தைப் பிரிக்க ஆகும் நாளைவிட இதற்கு ஆகும் நாள் அதிகம். கால அட்டவணை போடும்போது புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இதுதான்.

வண்டிகளை எங்கே விடுவது?

நம் பாலத்தில் இப்படிப் போகலாம். முதலில் பழைய பாலத்தை ஒட்டி, ஒரு பக்கத்தில் 13 மீட்டர் அகலத்தில் புதுப் பாலத்தின் ஒரு பட்டையைக் கட்டுவது. ஒரு திசையின் மூன்று தடங்களை அதற்கு மாற்றிவிட்டு, காலியான பழைய பாதியை, அதாவது 14 மீட்டரை, எடுப்பது. அந்த இடத்தில் புதிது கட்டியதும் 27 மீட்டர் புதுத் தளம் கையில் இருக்கும். தடத்தை 3.2 மீட்டராகக் குறுக்கி, வேக வரம்பைக் குறைத்து, ஆறு தடத்தையும் அதில் அடக்கலாம். பிறகு மிச்சப் பழைய பாதி.

படத்தில் பார்க்கச் சுலபம். ஆனால் 14 பீமில் 7ஆவதற்கும் 8ஆவதற்கும் நடுவில் ஸ்லாப்பை அறுத்தவுடன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதுவரை ஒரு லாரியின் பாரத்தை இரு பக்கத்து பீம்களோடும் பங்கு போட்டுக்கொண்ட 8ஆம் பீம், இப்போது ஓரத்து பீம். ஒரு பக்கம் துணை இல்லை. அதன் பங்கு கூடுகிறது. சில பழைய பாலங்களில் எல்லா பீமையும் குறுக்காகக் கேபிள் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தக் கேபிளை நடுவில் அறுத்தால், நிற்கப்போகும் பாதியிலும் பிடிப்பு தளர்ந்துவிடும். ஆகவே அறுப்பதற்கு முன்பே அந்தப் பாதியில் புது நங்கூரம் வைத்துப் பூட்ட வேண்டும்.

அறுத்த விளிம்பில் இன்னொரு பொறி இருக்கிறது. 8ஆம் பீமுக்கு வெளியே 1 மீட்டர் ஸ்லாப் நீட்டிக்கொண்டிருக்கும். தற்காலிகக் கான்கிரீட் தடுப்பை அந்த நீட்டலின் நுனியில் வைத்தால் தடத்துக்கு அகலம் கிடைக்கும்; போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர் அதைத்தான் கேட்பார். ஆனால் இருபுறமும் பீம் தாங்கும் என்று நினைத்துக் கம்பி போட்ட ஸ்லாப் அது. நுனியில் தடுப்பின் பாரமும், தடுப்பில் லாரி மோதும் விசையும் சேர்ந்தால் மேல்பக்கம் விரிசல் விடும். தடுப்பு பீமின் நேர் மேலே, அல்லது அதற்கும் உள்ளே வர வேண்டும். தடத்தில் அரை மீட்டர் போனால் போகட்டும்.

பீமைத் தூக்குவது

வெடி வைத்து ஒரே நொடியில் பாலத்தை ஆற்றில் இறக்கும் வீடியோக்களை எல்லாரும் பார்த்திருப்போம். பக்கத்துப் பாதியில் வண்டி ஓடும்போது, அடியில் மழைநீர்க் கால்வாய் இருக்கும்போது அந்த வழி கிடையாது. பிரேக்கர் போட்டு உடைப்பதும் குறைவுதான்: அதிர்வு பக்கத்துத் தளத்துக்குப் போகும், கல் தண்ணீரில் விழும். வைரப் பற்கள் கொண்ட ரம்பமும் (சைட்டில் 'சா' என்பார்கள்) வயர் சாவும் வைத்துத் துண்டு போட்டு, கிரேனில் தூக்கி, கரைக்குக் கொண்டுபோய் உடைப்பதுதான் நடைமுறை.

முதலில் பாரபெட்டை (பாலத்தின் ஓரத் தடுப்புச் சுவரை) அறுத்து எடுக்க வேண்டும். அது ஓரத்து பீமை ஒரு பக்கமாகச் சாய்க்கும் எடை. அதோடு சேர்த்துத் தூக்கினால் பீம் காற்றில் திரும்பும். அடுத்து, பீமுக்கும் பீமுக்கும் நடுவில் ஸ்லாப்பில் நீளவாக்கு வெட்டு. கடைசியில் பீம்களைக் குறுக்காக இணைக்கும் டயஃப்ராம் சுவர்கள். இந்த வரிசை மாறக் கூடாது. டயஃப்ராம் இருக்கும் வரைதான் பீம் நிமிர்ந்து நிற்கிறது. அதை அறுத்துவிட்டால், 400 மில்லிமீட்டர் அகல பேரிங் (பீமுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள தாங்கி) மேல், தலையில் 2 மீட்டர் அகல ஸ்லாப்பைச் சுமந்தபடி, தலைக்கனமாக நிற்கும். ஆகவே டயஃப்ராமில் சா வைக்கும் முன் இரண்டு முனையிலும் இரும்புச் சட்டம் வைத்து, மர ஆப்பு அடித்து, பக்கத்து பீமோடு கட்டியிருக்க வேண்டும். தூக்குவது ஒரு பீம்தானே என்று அதைக் கட்டிவிட்டு அடுத்ததை மறந்தால், இதைத் தூக்கிய மறுகணம் அடுத்தது அனாதையாக நிற்கும்.

ப்ரீஸ்ட்ரெஸ் பீமைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரிசைப் புத்தகங்களை இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்தால் பலகை இல்லாமலே தூக்கலாம் அல்லவா, அந்த நெருக்கத்தைத்தான் பீமுக்குள் கேபிள் தருகிறது. கேபிள் அடிப்பக்கமாக ஓடுவதால் அது பீமை நடுவில் மேல்நோக்கி வளைக்கப் பார்க்கிறது; பீமின் சொந்த எடை அதைக் கீழே அழுத்திச் சமன் செய்கிறது. முனைகளில் தாங்கும்போதுதான் இந்தச் சமன். நடுவில் ஸ்லிங் (தூக்கு வடம்) போட்டுத் தூக்கினால், சொந்த எடையும் கேபிளோடு சேர்ந்துகொண்டு அதே திசையில் வளைக்கும். மேல்பக்கம் கிழிந்து பீம் இரண்டாகும். எனவே ஸ்லிங் எப்போதும் பேரிங்குக்குப் பக்கத்தில், முனையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்குள். ஸ்லாப்பில் பீமின் இரு பக்கமும் ஓட்டை போட்டு, ஸ்லிங்கை அடிவழியாகச் சுற்றி எடுப்பார்கள். விளிம்பில் இரும்புப் பாதம் வைக்காவிட்டால் கான்கிரீட் முனை ஸ்லிங்கை அறுக்கும்.

கேபிளிலும் இரண்டு ஜாதி உண்டு. தொழிற்சாலையில் கம்பியை இழுத்துப் பிடித்து, அதன் மேல் நேராகக் கான்கிரீட் ஊற்றிய பீமில் கம்பி முழு நீளத்துக்கும் ஒட்டியிருக்கும். ஓரிடத்தில் அறுத்தால் கொஞ்ச தூரத்துக்கு மேல் பாதிக்காது. மற்றது, குழாய்க்குள் கேபிளை ஓட்டிப் பிறகு இழுத்து, குழாயில் சிமென்ட் பால் ஊற்றி அடைத்த வகை. பழைய பாலங்களில் அந்தப் பால் பாதிக் குழாயை எட்டாமலே போயிருக்கலாம். அப்படிப்பட்ட கேபிளை நடுவில் அறுத்தால் முழு விசையும் ஒரே அடியாக விடுபட்டு, முனையில் உள்ள நங்கூரம் பாய்ந்து வெளியே வரும். ஆகவே சில இடங்களில் குழாய் வரை துளை போட்டுப் பார்த்த பிறகே எங்கே அறுக்கலாம் என்ற முடிவு. அறுக்கும் நேரத்தில் பீமின் முனைக்கு நேர் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. வயர் சாவின் ஓட்டத்துக்கு நேராகவும் நிற்கக் கூடாது. வயர் அறுந்தால் அதன் வைர மணிகள் தோட்டா மாதிரி பறக்கும்.

கடைசி வெட்டுக்கு முன்பே கிரேன் பிடித்திருக்க வேண்டும். எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலாக இழுத்துப் பிடித்தபடி அறுப்பது ஒரு நல்ல வழக்கம். முழு எடையையும் இழுத்தால் வெட்டு முடிந்த கணம் பீம் துள்ளும். ஒன்றுமே இழுக்காவிட்டால் உட்கார்ந்து சாவைக் கவ்விக்கொள்ளும். வெட்டு விட்ட பின் 20, 30 மில்லிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்தி கிரேனின் எடை மீட்டரைப் பார்க்க வேண்டும். கணக்கு 75 டன், கொக்கி சாமான் 5 டன், ஆக 80. மீட்டர் 92 காட்டினால் இழுத்துப் பார்ப்போம் என்று லிவரைத் தொடக் கூடாது. எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது: பேரிங் ஒட்டியிருக்கும், அல்லது பீமையும் தூணையும் இணைக்கும் டவல் கம்பி அறுபடாமல் இருக்கும். அது திடீரென்று விட்டால் கிரேன் பின்னால் அடிக்கும். முந்தின நாளே ஜாக் வைத்து ஒவ்வொரு முனையையும் சில மில்லிமீட்டர் அசைத்துப் பார்த்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

ஒரு முனைக்கு ஒன்றாக இரண்டு கிரேன் தூக்கினால், ஆளுக்கு 40 டன். இரட்டைத் தூக்கில் ஒவ்வொரு கிரேனையும் அதன் திறனில் 75 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றாமல் வைப்பது வழக்கம். ஆகவே அந்த தூரத்தில் குறைந்தது 54 டன் தூக்கும் கிரேன் வேண்டும். "அந்த தூரத்தில்" என்பதை அழுத்திப் படியுங்கள். 500 டன் கிரேன் என்பது கை மிகக் குட்டையாக, பக்கத்திலேயே தூக்கும்போது உள்ள எண். 30 மீட்டர் தள்ளிப் போனால் அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும்.

கிரேனைவிட அதன் கால் நிற்கும் மண்தான் பல நேரம் காலை வாரும். பெரிய கிரேனின் ஒரு கால் 100 டன் அழுத்தலாம். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இரும்புப் பலகை வைத்தாலும் சதுர மீட்டருக்கு 11 டன். சாலையோர மண்ணுக்கு வழக்கமாகக் கணக்கில் எடுப்பது 2 டன். பக்கத்திலேயே கால்வாய்ச் சுவர் இருந்தால், அந்த அழுத்தம் சுவரை ஆற்றுக்குள் தள்ளும். அதனால்தான் பாலம் பிரிக்கும் சைட்டில் கிரேன் நிற்பதற்கென்றே பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கம்பம்) அடித்த மேடையைப் பார்ப்பீர்கள்.

இத்தனையும் எப்போது நடக்கும்? ஓடும் தடத்துக்கு மேலாக பீமைச் சுழற்ற முடியாது. தடத்தை மூடித்தான் ஆக வேண்டும். இரவு 1 மணிக்கு மூடி 5 மணிக்குத் திறக்க வேண்டும் என்றால், கோன் வைக்கவும் எடுக்கவும் ஒன்றரை மணி நேரம் போய், கையில் இரண்டரை மணி நேரம். இரவுக்கு ஒரு பீம், நன்றாகப் போனால் இரண்டு. பாதிப் பாலத்துக்கு 21 பீம் என்றால் மூன்று வாரம். மழை வந்தால் இரட்டிப்பு. மின்னல் எச்சரிக்கை "கேட் 1" வந்தால் கிரேன் கையை இறக்கிவிட்டு எல்லாரும் ஒதுங்க வேண்டியதுதான். குடியிருப்பிலிருந்து 150 மீட்டருக்குள் உள்ள சைட்டானால், ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதிப்படி வேலை இல்லாத நாள்கள்.

ஆறு ஒரு கால்வாய், கால்வாய் ஒரு நீர்த்தேக்கம்

சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. பாலத்திலிருந்து விழும் சேறு கடைசியில் குடிநீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். பொதுப் பயனீட்டுக் கழகம் சைட்டிலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக் கூடாது என்கிறது. கண்ணுக்கு லேசாகக் கலங்கலாகத் தெரிந்தாலே அந்த வரம்பு தாண்டியிருக்கக்கூடும். சா ஓடும்போது குளிர்விக்க ஊற்றும் தண்ணீர் சிமென்ட் பாலாக மாறும். அது மண்ணைவிட மோசம், கடும் காரத்தன்மை கொண்டது, மீனைக் கொல்லும். வெட்டுக்கு அடியில் தகரத் தட்டு தொங்கவிட்டு, வாக்குவம் வைத்து உறிஞ்சி, தொட்டியில் காரத்தைத் தணித்துத் தெளிய வைத்த பிறகுதான் விட முடியும்.

நடுக் கண்ணுக்குப் போக ஆற்றுக்குள் தற்காலிக இரும்பு மேடை கட்ட வேண்டியிருக்கும். அதன் பைல்களைப் பழைய தூண்களின் நேர்கோட்டில் அடிப்பார்கள். குறுக்கே தாறுமாறாக அடித்தால் வரும் குப்பை அதில் சிக்கி, அணை போல் தண்ணீர் பின்னால் ஏறும். மேடையின் தளம் வெள்ள மட்டத்துக்கு மேல். சைட்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பீஷானிலோ தோ பாயோவிலோ கொட்டிய மழை, சில நிமிடங்களில் கால்வாயை நிரப்பும். ஆகவே வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மேல்நீரோட்டத்தில் உள்ள நீர்மட்ட உணரியின் எச்சரிக்கை வந்ததும் கால்வாயில் இருப்பவர்கள் ஏற வேண்டும். டிசம்பர், ஜனவரியில் கால்வாய்க்குள் பெரிய வேலை எதையும் வைக்காமலிருப்பது புத்திசாலித்தனம்.

மண்ணுக்கு அடியில்

தூணை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கலாம். பைல்களின் தலையைச் சேர்த்துத் தூணைத் தாங்கும் பைல் கேப் ஆற்றுப்படுகைக்குக் கீழே இருப்பதால் சுற்றிலும் ஷீட் பைல் (இரும்புத் தகட்டுச் சுவர்) அடித்து, தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்ட வேண்டும். காலாங், மரினா வட்டாரத்தில் மரைன் கிளே (கடல் களிமண்) 30 மீட்டருக்கு மேலும் போகும். மெத்தென்ற மண். உள்ளே தோண்டத் தோண்ட, வெளியே உள்ள மண் ஷீட் பைலுக்கு அடிவழியாக நெளிந்து உள்ளே பொங்கி வரப் பார்க்கும். ஒரு வரிசை குறுக்குச் சட்டம் போட்டு இறுக்கிய பிறகே அடுத்த மீட்டர் தோண்டல். மண் நகர்வதைக் குழாய்க் கருவி வைத்து அளந்து, அனுமதித்த அளவில் 70 சதவிகிதம் போல் எட்டியதுமே கூடிப் பேச வேண்டும். மெர்டேக்கா பாலத்துக்கு அருகே 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நால்வர் இறந்ததற்கு, ஆழத் தோண்டலில் குறுக்குச் சட்டமும் அதைத் தாங்கும் நீளச் சட்டமும் சேரும் இணைப்பு தாங்காமல் போனது முக்கியக் காரணம். தற்காலிகம்தானே என்று நினைக்கிற இரும்புதான் அந்த நேரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய பைல்களைப் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் மண்ணில் ஓட்டை. பக்கத்துப் பைல் தளரும். படுகைக்குக் கீழே அறுத்துவிட்டு, புதுப் பைல்களை அவற்றின் இடைவெளியில் வைப்பார்கள். பழைய பைல் சாய்வாக அடித்ததாக இருந்தால், மேலே இடைவெளி தெரியும், 15 மீட்டர் ஆழத்தில் துளைக்கருவி அதில் போய் முட்டும். இதற்கும் பழைய வரைபடம்தான் துணை.

1.2 மீட்டர் விட்டம், 40 மீட்டர் ஆழம் என்று ஒரு பைல் எடுத்துக்கொண்டால் 45 கன மீட்டர் கான்கிரீட், ஆறு லாரி. மேலே கேசிங் (இரும்புக் குழாய்) இறக்கி, துளை சரியாமலிருக்க உள்ளே பெண்டோனைட் களிமண் அல்லது பாலிமர் கரைசல் நிரப்பி, மரைன் கிளேயைத் தாண்டி ஓல்ட் அலுவியம் என்ற கெட்டி மண்ணுக்குள் போதுமான தூரம் போக வேண்டும். அடியில் படிந்த சேற்றை எடுக்காமல் ஊற்றினால் பைல் மெத்தை மேல் நிற்கும். கான்கிரீட்டை அடியிலிருந்து குழாய் வழியாக ஊற்றும்போது, குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் இரண்டு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். லாரி தாமதமானது, அவசரமாகக் குழாயைத் தூக்கினார்கள், நுனி வெளியே வந்துவிட்டது என்றால் பைலுக்கு நடுவில் ஒரு சேற்று அடுக்கு விழும். வெளியே தெரியாது; கம்பிக் கூட்டில் கட்டிய குழாய்களில் ஒலி அனுப்பிப் பார்க்கும்போது தெரியும். தெரிந்தால் பெரும்பாலும் இன்னொரு பைல்தான்.

மேலே வருவது

பைல் கேப், தூண், அதன் தலைப்பீம் எல்லாம் வழக்கமான கான்கிரீட் வேலை. தடித்த கேப்பில் நடுவில் சூடு ஏறி, ஓரம் ஆறிப்போய் விரிசல் விடாமலிருக்க ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்டும் இரவு ஊற்றலும் உதவும்.

பீம்கள் தொழிற்சாலையிலிருந்து, இரவில், போலீஸ் துணையோடு வரும். ஒரே கண்ணுக்குப் போகும் பீம்களை ஏறக்குறைய ஒரே வாரத்தில் வார்த்திருப்பது நல்லது. கேபிள் இழுப்பில் பீம் மேல்நோக்கி வளைவது நாள் போகப் போகக் கூடும்; மூன்று மாதப் பழசும் மூன்று வாரப் புதிதும் அடுத்தடுத்து உட்கார்ந்தால் 20, 30 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்து, ஸ்லாப் ஓரிடத்தில் மெலிந்துபோகும்.

பேரிங்கில் நடக்கும் தவறு கேலிக்குரியது போல் தெரியும், ஆனால் அடிக்கடி நடக்கும்: நீளவாக்கில் நகர வேண்டியதை 90 பாகை திருப்பி வைத்துவிடுவது, பயணத்துக்காகப் பூட்டிய கிளாம்பைக் கழற்ற மறப்பது. 100 மீட்டர் பாலம் 20 பாகை வெப்ப மாற்றத்துக்கு 24 மில்லிமீட்டர் வரை நீளும். பேரிங் விடாவிட்டால் அந்த நீட்சி தூணின் தலையை உடைக்கும்.

ஸ்லாப் ஊற்றும் இரவுதான் பீம்களுக்கும் அவற்றைத் தாங்குவனவற்றுக்கும் முதல் பெரிய சோதனை. ஈரக் கான்கிரீட்டுக்கு எடை உண்டு, வலு இல்லை. அப்பர் சாங்கி அருகே தீவு விரைவுச்சாலைக்கான மேம்பாலம் 2017 ஜூலை 14 அதிகாலை சரிந்தது அப்படியொரு ஊற்றலின்போதுதான். பீம்களைத் தாங்கிய, தூண் தலையிலிருந்து நீண்ட குட்டைக் கைகளின் வடிவமைப்பு போதவில்லை. ஒருவர் இறந்தார், பத்துப் பேர் காயமடைந்தனர். கட்டும்போது அப்படிப்பட்ட கைகளில் மெல்லிய சாய்ந்த விரிசல் ஒன்று கண்ணில் பட்டால், பூசி மறைக்காமல் வேலையை நிறுத்தி மேலே சொல்ல வேண்டும்.

தொடர் பாலமாக, அதாவது தூணுக்கு மேல் விடாமல் தொடர்ந்து ஓடும் பாலமாக, இருந்தால் கண்களின் நடுப்பகுதியை முதலில் ஊற்றி, தூண்களுக்கு மேலுள்ள பகுதியைக் கடைசியில் ஊற்றுவார்கள். மாறி ஊற்றினால், நடுவில் எடை ஏறி பீம் தாழும்போது, தூணுக்கு மேல் ஏற்கெனவே இறுகின ஸ்லாப் கிழியும். புதிய பட்டையையும் அடுத்த பட்டையையும் இணைக்கும் ஒரு மீட்டர் அகலத்தை இன்னும் சில வாரம் திறந்தே வைத்து, இரண்டும் தாழ வேண்டியது தாழ்ந்த பின் ஊற்றுவது நல்லது.

அதன் மேல் நீர்காப்பு, ப்ரீமிக்ஸ், பிறகு பாலம் நீளவும் சுருங்கவும் இடம் விடும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். ப்ரீமிக்ஸை ஜாயின்ட் இடத்திலும் நிறுத்தாமல் போட்டுவிட்டு, பின்னால் அறுத்து எடுத்து ஜாயின்டை வைத்தால் மட்டம் ஒழுங்காக வரும். தடம் மாற்றும் இரவில் பழைய கோட்டைக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைப்பதோடு விட்டுவிட்டால், மழை இரவில் விளக்கு வெளிச்சத்தில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்து மினுங்கும். மோட்டார் சைக்கிள்காரர் எதைப் பின்பற்றுவார்? சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

திறந்த பின் முதல் புகார் பெரும்பாலும் பாலத்தைப் பற்றி வராது. பாலம் தொடங்கும் இடத்தில் "டுப்" என்று தூக்கிப் போடுவதைப் பற்றி வரும். பைல் மேல் நிற்கும் பாலம் தாழாது. அதை ஒட்டி மரைன் கிளே மேல் நிரப்பிய மண் வருடக்கணக்கில் தாழும். இரண்டுக்கும் நடுவில் 5, 6 மீட்டர் சாய்வு ஸ்லாப் போட்டு அந்தப் படியைச் சரிவாக மாற்றுகிறார்கள். மண் மிக மெத்தென்றிருந்தால் அதற்கடியிலும் பாலத்தைவிட்டு விலக விலகக் குட்டையாகும் பைல்களை வைக்கிறார்கள்.